குழந்தைகளின் வாந்திபேதி: எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்வது எப்படி?

ஒன்றரை வயதுப் பையனுக்கு வயிற்றுப்போக்கு. மலத்தில் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) செய்ததில் எதுவும் வளரவில்லை. அப்படியானால் கிருமியே இல்லையா? (வாசகி, திருப்பூர்)

கல்ச்சர் தட்டில் பாக்டீரியாதான் வளரும். வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும். உங்கள் லேப் வைரஸைத் தேடவே இல்லை. அது இருக்கட்டும், ஓ.ஆர்.எஸ். கொடுக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ரோட்டா வைரஸுக்கான கார்டு டெஸ்ட்டை (சிறு அட்டையில் உடனே முடிவு காட்டும் சோதனை) நம்பலாமா? (தந்தை, சேலம்)

முதல் சில நாட்களுக்குள் மாதிரி எடுத்தால் நம்பலாம். அப்போது ஒரு கிராம் மலத்திலேயே ஆயிரம் கோடி வைரஸ் வரை வெளியேறும், அவற்றின் வி.பி.6 புரதம் கார்டில் எளிதில் சிக்கும். பேதி தரும் இன்னொரு வைரஸான நோரோவுக்கு, மரபணுவைத் தேடும் ஆர்.டி-பி.சி.ஆர். சோதனைதான் சரி.

டயப்பரிலிருந்து பஞ்சோடு வழித்து அனுப்பினேன். லேபில் வாங்க மறுத்துவிட்டார்கள். (வாசகி, மதுரை)

மறுக்காமல் என்ன செய்வார்கள்? நீர்மலத்தை டயப்பர் குடித்துவிடும், பஞ்சுதான் மிஞ்சும். டயப்பரைப் பிளாஸ்டிக் பக்கம் உள்ளே வரும்படி திருப்பிக் கட்டுங்கள். அரை டீஸ்பூன் போதும். லேபில் தரும் டப்பாவிலேயே எடுங்கள். டெட்டால் ஊற்றிக் கழுவிய ஊறுகாய் பாட்டில் வேண்டாம். உடனே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல.

பி.சி.ஆர். பேனலில் (பல கிருமிகளை ஒன்றாகத் தேடும் சோதனை) நோரோ, அடினோ வைரஸ்களும் ஈ.கோலை பாக்டீரியாவும் பாசிட்டிவ். ஆன்டிபயாடிக் தொடங்கிவிட்டோம். போதுமா? (தந்தை, கோவை)

போதாது என்று நான் சொன்னால் இன்னொன்று வாங்குவீர்கள் போலிருக்கிறது. இந்தப் பேனல் ரிப்போர்ட்டுகளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. பி.சி.ஆர். காட்டுவது கிருமியின் மரபணுத் துணுக்கை, நோயை அல்ல. நோரோ வந்துபோன குழந்தையின் மலத்தில் அது வாரக்கணக்கில் தென்படும். அடினோவில் பேதிக்கு முக்கியக் காரணம் 40, 41 வகைகள். சளியோடு விழுங்கிய வேறு வகைகளும் பேனலைப் பொறுத்துப் பாசிட்டிவ் காட்டலாம். ஈ.கோலையின் சில வகைகளோ நன்றாக ஓடியாடும் குழந்தைகளிடமும் இருக்கின்றன. அண்மையில் ரோட்டா சொட்டு மருந்து போட்டிருந்தால் அந்தத் தடுப்பூசி வைரஸே பாசிட்டிவ் காட்டும். சி.டி. மதிப்பு என்ன என்று கேளுங்கள். அந்த எண் கூடக்கூட, மாதிரியில் கிருமி குறைவு என்று பொருள். 35க்கு மேல் என்றால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆன்டிபயாடிக் எந்த வைரஸையும் தொடாது. அதுவே தனியாகப் பேதியைக் கிளப்பவும் செய்யும். நிறுத்தலாமா என்று உங்கள் மருத்துவரிடம் இன்றே கேளுங்கள். எதிர்ப்புச்சக்தி குன்றிய குழந்தைக்கும், ஒரே காப்பகத்தில் பலர் படுத்துவிட்டபோதும் இந்தச் சோதனைக்குப் பொருள் உண்டு. மற்றபடி எந்த வைரஸ் என்று தெரிந்தாலும் வைத்தியம் ஒன்றுதான்: ஓ.ஆர்.எஸ்., துத்தநாகம், தாய்ப்பால். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரையுங்கள். அரை டம்ளரில் அல்ல.

மூன்று தவணை போட்டும் ரோட்டா வந்துவிட்டதே? (வாசகி, தஞ்சாவூர்)

வரலாம். 2016 முதல் அரசுத் திட்டத்தில் இருக்கும் சொட்டு மருந்து, கடும் பேதியில் பாதிக்குச் சற்று மேல் தடுக்கிறது. வந்தாலும் பெரும்பாலும் தணிவாக வரும்.

சானிடைசர் போதுமா? (வாசகர், நெல்லை)

நோரோவிடம் செல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்.

மலத்தில் ரத்தம். வைரஸ் சோதனைக்குக் கொடுக்கலாமா? (தந்தை, கடலூர்)

கடிதம் எழுதும் நேரமா இது? குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

பல் முளைப்பதால் வரும் பேதிக்கு எதற்கு டெஸ்ட் என்கிறார் மாமியார். (வாசகி, காரைக்குடி)

டெஸ்ட் வேண்டாம் என்பது சரி, காரணம்தான் தவறு. பல் முளைக்கும் வயதும் ரோட்டா பிடிக்கும் வயதும் ஒன்று. ஈறைத் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, கடந்த ஆறு மணி நேரத்தில் குழந்தை சிறுநீர் கழித்ததா என்று பாருங்கள்.