சிறுநீர்க்குழாய்ப் புற்றுநோய்: ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவை

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயில் வரும் புற்றுநோய் பற்றி நோயாளிகளும் வீட்டாரும் கேட்டவற்றுக்கு, கோலாலம்பூரில் திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் டாக்டர் பதில் சொல்கிறார். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் ஊர்.

செந்தூல்: டாக்டர், அப்பாவுக்கு ஒரு பக்கச் சிறுநீரகத்தையும் குழாயையும் எடுத்தாச்சு. ரிப்போர்ட்டில் கி-67, பி53 என்று என்னென்னவோ இருக்கு. எத்தனை வருஷம் இருப்பார்னு அதில் தெரியுமா?

தெரியாதும்மா. முதலில் 'பிடி' என்ற எழுத்துக்குப் பக்கத்து எண்ணைப் பாருங்கள். பிடி2 என்றால் கட்டி தசைக்குள் இறங்கிவிட்டது. பிடி3 என்றால் தசையையும் தாண்டிவிட்டது. அடுத்தது கிரேடு, அதாவது செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது. பிறகு, இரத்த நாளத்துக்குள்ளோ நிணநாளத்துக்குள்ளோ செல்கள் புகுந்திருக்கின்றனவா என்ற வரி. செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்பதைக் கி-67 காட்டும், அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து நாங்கள் யாருக்கும் நாள் குறிப்பதில்லை. பிடி2 அல்லது அதற்கு மேல் என்றால் கீமோ பற்றி உடனே கேளுங்கள். 2020இல் வெளியான பிரிட்டனின் பவுட் ஆய்வில், ஆபரேஷன் முடிந்து 90 நாளுக்குள் கீமோ தொடங்கியவர்களுக்கு நோய் திரும்புவது குறைந்தது.

பட்டர்வொர்த்: நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுத்துப் பார்த்தேன், 4 வருது. பயமா இருக்கு.

இரண்டும் இரத்தத்தின் வெள்ளையணுக்கள். அந்த விகிதம் கூடியிருந்தவர்களுக்கு நோய் மோசமாகப் போனதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன, உண்மைதான். ஆனால் குழாய் அடைத்துச் சிறுநீரில் கிருமி இருந்தாலும் அது ஏறும், ஸ்டீராய்டு எடுத்தாலும் ஏறும். உங்களுக்கு அடைப்பைத் திறந்துவைக்க ஸ்டென்ட் என்ற சிறு குழாய் வேறு வைத்திருக்கிறார்கள் என்கிறீர்கள். கால்குலேட்டரைக் கீழே வையுங்கள், ஐயா.

ஜார்ஜ்டவுன்: எஃப்ஜிஎஃப்ஆர்3 மாற்றம் இருக்காம். நல்லதா கெட்டதா?

அது செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு மரபணு. பெரும்பாலும் கிரேடு குறைந்த கட்டிகளில்தான் அந்த மாற்றம் அதிகம். அந்த வகையில் நல்லதுதான். நோய் பரவிவிட்டால், எர்டாஃபிடினிப் என்ற மாத்திரை கேட்குமா என்று பார்க்கவும் அதே சோதனை உதவும்.

கிள்ளான்: அம்மாவுக்கு 52 வயசு. பெரிய மாமாவுக்குக் குடல் புற்றுநோய் வந்திருக்கு. சம்பந்தம் உண்டா?

இருக்கலாம். இன்றைக்கு வந்த கேள்விகளில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். லிஞ்ச் என்ற பரம்பரைக் கோளாறு குடலிலும் கருப்பையிலும் வரும், இந்தக் குழாயிலும் வரும். எடுத்த கட்டி மெழுகுக் கட்டையாகக் கூடத்தில் பத்திரமாக இருக்கும். அதிலிருந்தே எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு புரதங்களையும் சோதிக்கலாம். ஏதாவது ஒன்று இல்லையென்றால் மரபணுச் சோதனைக்கு அனுப்புவார்கள். அதில் உறுதியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு; உங்களுக்கும் குடல் பரிசோதனையைச் சீக்கிரமே தொடங்க வேண்டியிருக்கும். பரவிய கட்டியில் இந்தக் கோளாறு இருந்தால் உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் இம்யூனோதெரபி நன்றாகக் கேட்பதும் உண்டு.

பிறை: பாட்டி வயிற்றுப்பூச்சிக்கு ஆடுதின்னாப்பாளை கொடுப்பாங்க. அதுவும் காரணமா?

ஆடுதின்னாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியா குடும்பம். அவற்றில் உள்ள அமிலம் சிறுநீரகத்தையும் கெடுக்கும், இந்தப் புற்றுநோயையும் கொண்டுவரும். தைவானில் சீன மருந்து வழியாக நிறையப் பேருக்கு வந்தது. கட்டி வளராமல் தடுக்கும் பி53 மரபணுவில் அந்த அமிலம் தனி முத்திரை விட்டுப்போகும். சின்ன வயதில் ஒரு வேளை குடித்ததற்காகத் தூக்கம் கெட வேண்டாம். இப்போதும் யாராவது காய்ச்சிக் குடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பொட்டல மருந்தென்றால் மலேசிய அரசின் 'எம்ஏஎல்' பதிவு எண் இல்லாததை வாங்கவே வாங்காதீர்கள்.