சேலத்திலேயே ஏறலாமா என்று கேட்ட தம்பிக்கு

காடையாம்பட்டியிலிருந்து முதல்முறையாகச் சிங்கப்பூர் வேலைக்கு வருகிறாய். சேலம் விமான நிலையம் இருக்கிற கமலாபுரத்தில் ஏறிச் சென்னையில் மாறலாமா, இங்கே வாடகை, சாப்பாடு எப்படி என்று கேட்டிருக்கிறாய். வாடகையும் சாப்பாடும் வந்த வாரத்திலேயே பிடிபட்டுவிடும், விடு. டிக்கெட் விஷயத்தை மட்டும் அக்கா சொல்வதைக் கேள்.

சேலம்–சென்னைக்கு ஒன்று, சென்னை–சிங்கப்பூருக்கு ஒன்று என்று ஏஜென்ட் தனித்தனியாகப் போட்டுக் கொடுத்தால் வாங்காதே. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி உனக்காக நிற்காது, பணமும் போச்சு. பெட்டியையும் சென்னையில் நீயே எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி போட வேண்டும். உள்நாட்டு டிக்கெட்டில் பெரும்பாலும் 15 கிலோதான் விடுவார்கள். பேசாமல் நாமக்கல் வழியாகத் திருச்சிக்குப் பஸ் ஏறு. அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது.

நான் கிளம்பியபோது கமலாபுரத்தில் விமானமே இல்லை. ராத்திரி பஸ்ஸில் சென்னை போனேன். உளுந்தூர்பேட்டை தாண்டி பஸ் பழுதாகி நின்றுவிட்டது. போய்ச் சேர்ந்தபோது கவுன்டரை மூடிவிட்டார்கள். ஏஜென்ட் போனை எடுக்கவே இல்லை. அண்ணன் பணம் அனுப்பும்வரை திரிசூலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கட்டிக் கொடுத்த மாவடு பாட்டில் கசிந்து, சுற்றியிருந்த பேப்பரெல்லாம் ஊறி, பெட்டிக்குள் துணியெல்லாம் மஞ்சளாகிவிட்டது.

நம்ம ஊர் விமான நிலையம் திறந்தது 1993-ல். சேவைதான் நிலைக்கவில்லை. முதலில் என்.ஈ.பி.சி., 2009-ல் கிங்ஃபிஷர், 2018-ல் சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றுபோயின. 2023 அக்டோபரில்தான் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்து சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி என்று மறுபடி உயிர் வந்தது. ஓடுதளம் 1,800 மீட்டர்தான். அதனால் விசிறி வைத்த சின்ன ஏடிஆர் விமானங்களே இறங்குகின்றன.

விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்த சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி விவசாயிகளைத் திட்டும் நம்மாட்கள் இங்கே நிறையப் பேர். எனக்கு அது ஆகவே ஆகாது. வருஷத்துக்கு ஒருமுறை வருகிற நமக்கு வசதி வேண்டும் என்று, தோட்டத்தை நம்பிப் பிழைப்பவர் எதற்கு எழுந்து போக வேண்டும்? ஊர் நியாயம் தெரியாமல் பேசுபவர்களோடு சேராதே.

லீவில் வரும்போது தாராளமாகக் கமலாபுரம் விமானத்தில் வா. போன தடவை அப்பாவை அதில் சென்னைக்குக் கூட்டிப்போனேன். மேலே ஏறியதும் சேர்வராயன் மலையை விட்டுவிட்டு ஓமலூர் ஜங்ஷன் எங்கே என்று தேட ஆரம்பித்துவிட்டார். கண்டுபிடித்ததும் பக்கத்து சீட்டுக்காரரை உலுக்கி அவருக்கும் காட்டினார்.