பி.ஆர். வந்த கையோடு விமானம் ஓட்டப் பழகலாமா?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: டொரன்டோ வந்து எட்டு மாதம், கையில் பி.ஆர். (நிரந்தரக் குடியிருப்பு அனுமதி), ஐ.டி. வேலை, வயது 34, கண்ணாடி போடுகிறீர்கள். சின்ன விமானம் ஓட்டப் பழக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. குடியுரிமை இல்லாமல் சேர்த்துக்கொள்வார்களா, கண்ணாடி தடையா, எவ்வளவு நாள், எவ்வளவு பணம், பிறகு அதையே வேலையாக்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "அக்கா, நீங்கள் நாற்பது தாண்டி லைசென்ஸ் எடுத்தீர்களாமே, நிஜமா?" என்று ஒரு கேள்வி.

நிஜம்தான். 2015 அக்டோபரில், முப்பத்தொன்பது வயதில் முதல் வகுப்பு. 2017 ஆகஸ்டில் லைசென்ஸ். கனடாவில் பிரைவேட் பைலட் லைசென்ஸுக்குச் சட்டம் கேட்பது 45 மணி நேரப் பறத்தல். எனக்கு 71 ஆனது. பெரும்பாலோருக்கு அறுபது மணி நேரமாவது ஆகிவிடும் என்றாலும், என் கணக்கில் கூடிய 26 மணி நேரத்தில் பாதி நானே இழுத்துவிட்டுக்கொண்டது. அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். மற்றவை சுலபம், அவற்றை முதலில் முடித்துவிடுகிறேன்.

குடியுரிமை தேவையில்லை. பி.ஆர். இருப்பதால் தனியாகப் படிப்பு அனுமதியும் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் உறவினர்கள் வேறு மாதிரி சொல்வார்கள், குழம்பாதீர்கள். அங்கே அமெரிக்கக் குடிமகனாக இல்லாதவர், கிரீன் கார்டு இருந்தாலும், டி.எஸ்.ஏ. என்ற பாதுகாப்பு அமைப்பின் சோதனை முடிந்த பிறகுதான் பயிற்சியைத் தொடங்க முடியும். இங்கே அப்படியில்லை. இன்ஸ்ட்ரக்டரோடு பறக்க எந்தக் காகிதமும் வேண்டாம். நாளைக்கே போய் ஒரு அறிமுகப் பறத்தல் போய்வரலாம். தனியாகப் பறப்பதற்குத்தான் ஸ்டூடன்ட் பைலட் பர்மிட் வேண்டும். அதற்கு மெடிக்கலும் (உடற்தகுதிச் சான்றிதழ்), 'பிஸ்டார்' என்ற 50 கேள்வித் தேர்வும் முடிக்க வேண்டும். 90 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி, அதாவது ஐந்துக்கு மேல் தப்பக் கூடாது. பயப்படாதீர்கள், எல்லாம் விதிகள்தான். இரண்டு வாரம் மாலையில் உட்கார்ந்தால் போதும்.

கண்ணாடி தடையே இல்லை. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால், 'பறக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும்' என்று சான்றிதழில் ஒரு வரி எழுதுவார்கள், அவ்வளவுதான். ஆனால் மெடிக்கலை முதல் வேலையாகச் செய்யுங்கள். குடும்ப மருத்துவர் தர முடியாது. டிரான்ஸ்போர்ட் கனடா என்ற போக்குவரத்துத் துறை அங்கீகரித்த விமான மருத்துவரிடம் போக வேண்டும். உங்களுக்குத் தேவை கேட்டகரி 3 என்ற வகைச் சான்றிதழ். நாற்பது வயதுக்குள் எடுத்தால் 60 மாதம் செல்லும், நாற்பது தாண்டினால் 24 மாதம்தான். நிறக்குருடு, சர்க்கரை, மன அழுத்தத்துக்கான மாத்திரை என்று ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். கோப்பு ஒட்டாவாவுக்குப் போய்ச் சுற்றி வரும், அதற்கு நாள் பிடிக்கும். முப்பது மணி நேரம் பறந்து முடித்த பிறகு அதைத் தெரிந்துகொள்வதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது இல்லையா? பின்னால் வேலையாக்கும் எண்ணம் துளியாவது இருந்தால் கேட்டகரி 1 மெடிக்கலையே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சரி, என் 26 மணி நேரத்துக்கு வருகிறேன்.

அக்டோபரில் ஆரம்பித்தேன் என்றேன் அல்லவா, அதுதான் முதல் தப்பு. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கு முன்பே சூரியன் இறங்கிவிடுகிறது. வேலை முடிந்து வந்தால் இருட்டு. சனி, ஞாயிறு மட்டும்தான் மிச்சம். அந்த இரண்டு நாளும் மேகம் தாழ்ந்து கிடக்கும், இல்லையென்றால் பனி கொட்டும். பதிவு செய்த ஆறு வகுப்பில் நான்கு ரத்தாகும். பதினான்கு மணி நேரம் சேர்த்து, ஏறக்குறைய தரையிறங்கப் பழகிய நிலையில், ஜனவரியில் 'குளிர் போகட்டும்' என்று நிறுத்தினேன். ஏப்ரலில் திரும்பிப் போனால் கைக்கு எதுவுமே நினைவில்லை. பழைய இடத்துக்கு வரவே ஒன்பது மணி நேரம் ஆனது. அடுத்த குளிர்காலமும் அதே கதை, கொஞ்சம் குறைந்த நஷ்டத்தோடு.

தரையிறங்குவதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, அதனால்தான் இடைவெளி இப்படி அடிக்கிறது. கடைசி இருபது அடி உயரத்தில், முன்னால் இருக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணை ஓடுபாதையின் மறுகோடிக்கு மாற்ற வேண்டும். மாற்றினால், ஓரக்கண்ணில் தரை இருபுறமும் அகன்று மேலே எழுவது போலத் தெரியும். அந்த நேரம் பார்த்து மூக்கை மெதுவாகத் தூக்கிப் பிடித்து, விமானம் தானாகக் களைத்து உட்காரும்வரை விட வேண்டும். நான் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தரையையே வெறித்துக்கொண்டிருப்பேன். ஒன்று, சீக்கிரம் தூக்கி, பத்தடி மேலே மிதந்து தொப்பென்று விழுவேன். இல்லை, தாமதமாகத் தூக்கிக் குதிப்பேன். எத்தனை முறை சொன்னாலும் புரியாதது ஒரு வாரத்தில் மூன்று முறை பறந்தபோது தானாக வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போனால் வராது. எனக்கு வரவில்லை.

அதனால் நாள்காட்டியை இப்படிப் போடுங்கள். குளிர்காலத்தில் மெடிக்கல், பிஸ்டார், தரை வகுப்பு (பறக்காமல் உட்கார்ந்து படிக்கும் பாடம்). தரை வகுப்பு 40 மணி நேரம் கட்டாயம்; எழுத்துத் தேர்வில் 100 கேள்வி, விமானச் சட்டம், வானிலை, திசையறிதல், விமானம் பற்றிய பொது அறிவு என்று நான்கு பகுதி, ஒவ்வொன்றிலும் 60 சதவீதம் வேண்டும். ஏப்ரல் கடைசியிலிருந்து வாரம் மூன்று நாள் பறங்கள். ஜூனில் இரவு ஒன்பது மணிவரை வெளிச்சம் இருக்கிறது; வேலை முடிந்து வந்தும் பறக்கலாம். மாலையில் காற்றும் அடங்கியிருக்கும்.

குளிர்காலப் பறத்தல் மோசம் என்று சொல்லவில்லை. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, எஞ்சினுக்கும் இறக்கைக்கும் கொண்டாட்டம். விமானம் ஜூலையைவிட ஜனவரியில் விறுவிறுவென்று ஏறும். மேலே போவதற்கு முன் கீழே படும் பாடுதான் வேறு. எஞ்சினைச் சூடாக்க வேண்டும். இறக்கையில் உறைபனி ஒட்டியிருந்தால் புறப்படக் கூடாது என்பது சட்டம், உப்புத்தாள் போன்ற மெல்லிய சொரசொரப்பு ஆனாலும். அதுவே இறக்கையின் தூக்கும் திறனைக் கெடுத்துவிடும். ஏணியில் ஏறித் தேய்க்கும்போது கையுறைக்குள் விரல் மரத்துப்போகும். பிறகு ஒவ்வொரு டேங்கின் அடியிலிருந்தும் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். வெளிர் நீலமாக இருந்தால் சரியான பெட்ரோல். அடியில் நிறமில்லாத ஒரு குமிழ் தங்கினால் அது தண்ணீர். குமிழ் போகும்வரை மறுபடி மறுபடி பிடிக்க வேண்டும். இந்தச் சுற்றிப் பார்க்கும் வேலையை அவசரமாகச் செய்பவரோடு நான் இன்றுவரை ஏறுவதில்லை.

அப்புறம் ரேடியோ. நம்மவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். ஆங்கிலம் தெரிந்தவர்கள்தானே நாம் என்று இருந்தேன். நான் பழகியது பட்டன்வில் விமான நிலையத்தில், 404 நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது (2023 நவம்பரில் மூடிவிட்டார்கள், நீங்கள் ஓஷாவா அல்லது பிராம்ப்டன் பக்கம் பாருங்கள்). மூன்றாவது வகுப்பில், தரையில் விமானங்களை வழிநடத்தும் கிரவுண்ட் கண்ட்ரோலர், 33ஆம் ஓடுபாதைக்கு முன் நிற்கச் சொன்னார். நான் தன்னம்பிக்கையோடு "ரோஜர்" (கேட்டுக்கொண்டேன்) என்றேன். நிற்கச் சொல்லும் உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், 'ரோஜர்' செல்லாது. அவர் பொறுமையாக மறுபடி கேட்டார். நான் படபடவென்று நம் வேகத்தில் ஒப்பித்தேன். "சே அகெய்ன்" (மறுபடி சொல்லுங்கள்) என்றார். மூன்றாவது முறை இன்ஸ்ட்ரக்டர் மைக்கை எடுத்துக்கொண்டார். முகம் சிவந்துபோனது.

உச்சரிப்பு பிரச்சினையில்லை, வேகம்தான் பிரச்சினை. உச்சரிப்புக்குத்தான் ஆல்ஃபா, பிராவோ என்ற எழுத்துச் சொற்களை வைத்திருக்கிறார்கள். நம் எழுத்தில் 'ப' ஒன்றுதான். ஆங்கில P-யா, B-யா என்று எதிராளி திணற வேண்டியதில்லை, பாப்பா என்றால் ஒன்று, பிராவோ என்றால் மற்றொன்று. டவர் ரேடியோவை வீட்டில் கேட்டுக்கொண்டே காய்கறி நறுக்குங்கள், ஒரு மாதத்தில் காது பழகிவிடும். மொழித் தேர்வும் உண்டு; 'எக்ஸ்பர்ட்' நிலை கிடைத்தால் ஆயுளுக்கும் போதும், 'ஆபரேஷனல்' என்றால் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தேர்வைத் திரும்ப முடிக்க வேண்டும். ரேடியோ இயக்குவதற்குத் தனியாக ஒரு சான்றிதழும் வாங்க வேண்டும், அது சிறு தேர்வு.

தனியாகப் பறந்த நாளைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் கேட்காதது ஆச்சரியம். 2016 ஜூன். மூன்று முறை இறங்கி ஏறிய பிறகு, இன்ஸ்ட்ரக்டர் ஓரமாக நிறுத்தச் சொல்லி, கதவைத் திறந்து இறங்கிவிட்டார். இறங்கும் முன் தன் இருக்கை பெல்ட்டை வெறும் இருக்கையிலேயே மாட்டி இறுக்கினார், தொங்கி எதிலும் சிக்கக் கூடாது என்று. அந்த 'கிளிக்' சத்தம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் நல்ல உடம்புக்காரர். அவர் இல்லாத செஸ்னா (நான் பழகிய சின்ன விமானம்) நான் எதிர்பார்த்த இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே தரையை விட்டது. ஆயிரம் அடிக்கு வந்துவிட்டேன், நான் இன்னும் எண்ணூறில் செய்ய வேண்டியதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பயப்பட நேரமே இல்லை. ஒரே ஒரு சுற்று, ஆறு நிமிடம். இறங்கியது அழகாக இல்லை, ஆனால் ஒரே முறைதான் தரையைத் தொட்டேன்.

அதற்குப் பிறகு 150 கடல் மைல் தனிப் பயணம், நடுவில் வேறு இரண்டு இடங்களில் இறங்கி நிற்க வேண்டும். நான் பீட்டர்பரோ, கிங்ஸ்டன் போய் ஒன்டாரியோ ஏரிக்கரையைப் பிடித்துக்கொண்டு திரும்பினேன். ஏரி வலப்பக்கம் இருந்தால் போகிறேன், இடப்பக்கம் இருந்தால் வருகிறேன். அந்தப் பயணத்தில் வழி தவறுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

பணம். இன்றைய நிலையில் 20,000 டாலருக்குக் கீழே கணக்குப் போடாதீர்கள். பல பள்ளிகளில் எஞ்சின் ஓடும் நேரத்துக்குக் கட்டணம். ஓடுபாதைக்கு முன் வரிசையில் நிற்கும்போதும் மீட்டர் ஓடும். முழுத் தொகையும் கையில் சேர்ந்த பிறகு தொடங்குங்கள், பாதியில் பணம் தீர்ந்து நிறுத்தினால் என் குளிர்காலக் கதைதான். ஆனால் அந்தத் தொகையைப் பள்ளியிடம் மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள். வேறு மாகாணத்தில் என் நண்பர் ஒருவர் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு முன்பணமாகக் கட்டினார். நான்கு மாதத்தில் பள்ளி மூடிவிட்டது. பறந்த பிறகு கொடுப்பதே நல்லது.

வேலையாக்குவது பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். பிரைவேட் லைசென்ஸில் சம்பாதிக்கக் கூடாது. கூட வருபவர்களோடு செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், அவ்வளவே. கமர்ஷியலுக்கு மொத்தம் 200 மணி நேரம், அதில் 100 நீங்களே கேப்டனாக. கேட்டகரி 1 மெடிக்கல். ஏர்லைன் லைசென்ஸுக்கு 1,500 மணி நேரம். இருநூறுக்கும் ஆயிரத்து ஐந்நூறுக்கும் நடுவே என்ன செய்வார்கள்? ஒரு பகுதியினர் இன்ஸ்ட்ரக்டர் ஆகிறார்கள். எனக்கு நான்கு இன்ஸ்ட்ரக்டர் மாறியதன் காரணம் அதுதான். மணி நேரம் சேர்ந்ததும் பறந்துவிடுவார்கள், புதிதாக வருபவர் முதலிலிருந்து உங்களைச் சோதிப்பார். இன்னொரு பகுதியினர் வடக்கே போய், பைலட் இருக்கை காலியாகும்வரை மூட்டை ஏற்றி இறக்குகிறார்கள். விமான நிலையப் பாதுகாப்பு அட்டைக்கு ஐந்து ஆண்டு வரலாற்றைச் சரிபார்க்கும்படி காட்ட வேண்டும். எட்டு மாதம் முன் வந்தவருக்கு அது இழுபறியாகலாம். முடியாது என்று சொல்லவில்லை. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு முடியாது என்கிறேன்.

லைசென்ஸ் வந்த பிறகும் ஒன்று: ஆறு மாதத்துக்குள் ஐந்து முறை ஏறி இறங்கியிருந்தால்தான் யாரையாவது ஏற்றிக்கொண்டு போக முடியும். பகலுக்கு மட்டுமே செல்லும் லைசென்ஸ் அது, இரவுக்கு வேறு தகுதி. என் கணவர் முதல் முறை ஏறியபோது கண்ணை மூடியே இருந்தார். இப்போது வரைபடம் பிடிப்பார்.

இந்த வாரம் விமான மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். கண்ணாடி பவர் எழுதிய சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்; நான் மறந்துபோய் இரண்டாம் முறை அலைந்தேன்.