சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டுக் காடு வளர்க்க…

கேள்வி: மரக்காணம் பக்கம் எங்கள் 5 ஏக்கர் புன்செய் முழுக்கச் சீமைக்கருவேலம். பறவைகளுக்கான காடாக விட்டுவிட ஆசை. ஜேசிபி வைத்து ஒரே மூச்சில் அழித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். மேல்மண்ணைப் புரட்டினால் புதைந்து கிடக்கும் விதையெல்லாம் அடுத்த மழைக்கு முளைத்து நிற்கும். அந்த முளைகளைப் பிடுங்க உங்களிடம் எத்தனை கை இருக்கிறதோ, அத்தனை நிலத்தை மட்டும் திறங்கள். ஆண்டுக்கு 1 ஏக்கரே அதிகம்.

வெட்டுமுன் முள்ளுக்கடியில் குனிந்து பாருங்கள். பறவை எச்சத்தில் விழுந்த வேம்பு, மஞ்சணத்தி, களா கன்றுகள் இருக்கும். கலர் துணி கட்டி வையுங்கள். இல்லாவிட்டால் வெட்ட வருகிறவர் அவற்றையும் சேர்த்துச் சாய்த்துவிடுவார்.

தரையோடு வெட்டுவது வீண்வேலை. துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் இடத்தில், மண்ணுக்குள் இருக்கின்றன. தூரைச் சுற்றி 1 அடி தோண்டி, அந்த இடத்துக்குக் கீழே வேரை வெட்டிக் கட்டையை வெளியே எடுக்க வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது செய்தால் கடப்பாரை இறங்கும். நெற்று பழுக்குமுன் முடித்துவிடுங்கள். வெட்டிய முள்ளையே வேலியாக அடுக்கலாம். வேலி எதற்கென்றால், மாடு உள்ளே வந்து விதை போடாமல் இருக்க. நெற்றைத் தின்ற மாட்டின் சாணத்தை உடைத்துப் பாருங்கள், விதை அப்படியே இருக்கும்.

என்ன நடுவது? பக்கத்திலேயே புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது; அங்கே நிற்பதுதான் உங்கள் மண்ணின் மரம். வீரை, காசா, பாலை, செருந்தி எல்லாம் மெதுவாகத்தான் வளரும். முதல் இரண்டு வருடம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். நிழலுக்குத் துரிஞ்சி மரத்தை ஊடே வையுங்கள். கோயில் காட்டிலிருந்து கன்று பிடுங்காதீர்கள், நாற்றங்காலில் வாங்குங்கள். ஐப்பசி மழையில் ஒன்றரை அடிக் குழியெடுத்து நட்டு, மூடாக்கை (மண்ணை மூடும் காய்ந்த இலைதழை) தண்டில் படாமல் 3 அங்குலம் தள்ளிப் போடுங்கள். ஒட்டிப் போட்டால் தண்டு அழுகும், கரையானும் ஏறும்.

கேள்வி: இதைச் சரணாலயமாக அறிவிக்கச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: தனியார் நிலத்துக்குச் சட்டத்தில் வழி இருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 36சி பிரிவுப்படி, உரிமையாளர் தாமாக முன்வந்தால் மாநில அரசு அந்த நிலத்தைச் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். ஆனால் அறிவித்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை நீங்களாக மாற்ற முடியாது. காப்பகத்தின் நிர்வாகக் குழுவின் தீர்மானமும் அரசின் ஒப்புதலும் வேண்டும். பங்காளிகள் பெயரும் பட்டாவில் இருந்தால் முதலில் அவர்களிடம் பேசிவிடுங்கள்.