ஆயுத பூஜைப் பொரி முதல் அப்பாவின் கொள்ளி வரை: ஓய்வுபெற்ற போதகரிடம் கேட்டவை

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமச் சபைகளில் போதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல மதத்தார் நடுவே ஒரே தேவனை மட்டும் வணங்கி வாழ்வது பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி சாப்பாட்டைப் பற்றி! சரி, அங்கிருந்தே தொடங்குவோம். நான் சொல்வதையெல்லாம் எல்லாப் போதகர்களும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா கோயிலில் படைத்த சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து தருகிறார். வாங்கினால் பாவமா?

கொரிந்து பட்டணத்து விசுவாசிகளும் அப்போஸ்தலர் பவுலிடம் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். அங்கே கடையில் தொங்கிய இறைச்சியில் எது கோயிலில் படைத்தது, எது படைக்காதது என்று தெரியாது. விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள், அயலார் விருந்துக்கு அழைத்தால் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்றார் பவுல். ஆனால் 'இது படைத்தது' என்று ஒருவர் சொல்லிவிட்டால், சொன்னவருடைய மனச்சாட்சியை நினைத்துச் சாப்பிடாமல் விடுங்கள் என்றார் (1 கொரிந்தியர் 10). கோயில் பந்தியில் போய் உட்காருவதைக் கண்டிப்பாகத் தடுத்தார். பொங்கலுக்குள் ஏதோ புகுந்துகொண்டது என்ற பயம் அவரிடம் இல்லை. யாரை வணங்குகிறாய் என்பதுதான் அவருடைய கவலை.

ஆகவே அம்மா, முகத்தைச் சுளிக்காதீர்கள். 'அக்கா, சாமிக்குப் படைத்ததை நாங்கள் சாப்பிடுவதில்லை, படைக்கும் முன்னால் கொஞ்சம் எடுத்து வைத்துவிடுங்கள்' என்று ஒருமுறை சிரித்தபடி சொல்லிவிடுங்கள். நம் ஊரில் எத்தனையோ இந்து வீடுகளில் கிறிஸ்தவ, முஸ்லிம் அயலாருக்கென்று தனியாக எடுத்து வைக்கும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. தீபாவளி முறுக்கை வேண்டாம் என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அடுப்படியில் சுட்டு டப்பாவில் போட்ட முறுக்கு என்ன செய்தது? நம் சபையார் சேர்ந்து சமைத்துப் பந்தி வைக்கும் அசனப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு ஊரே வந்து உட்கார வேண்டும், அவர்கள் வீட்டுப் பலகாரம் மட்டும் ஆகாது என்றால் எப்படி?

நான் ஓர் இந்து. வேளாங்கண்ணிக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். நீங்கள் மட்டும் எங்கள் கோயிலில் கும்பிட மாட்டீர்கள். இது அகம்பாவம் இல்லையா?

அகம்பாவமாகத் தெரிவது நியாயம்தான், தம்பி. நீங்கள் இரண்டு கை நீட்டுகிறீர்கள், நாங்கள் ஒரு கையை மடக்கிக்கொள்கிறோம். அதை மழுப்ப மாட்டேன். 'என்னையன்றி வேறே தேவர்கள் வேண்டாம்' என்பது எங்களுக்குப் பத்துக் கட்டளைகளில் முதலாவது. அதை விட்டுவிட்டு நான் கிறிஸ்தவனாக இருக்க முடியாது.

ஆனால் இது வெளிநாட்டிலிருந்து இறங்கிய பிடிவாதம் மட்டும்தானா? பெருமாளைத் தவிர வேறு தெய்வத்தைக் கும்பிடாத வைணவப் பெரியவர்கள் தமிழ்நாட்டில் காலங்காலமாக இருக்கிறார்கள். அவர்களை ஊர் பக்தர் என்றுதானே சொல்கிறது? அதே கண்ணால் எங்களையும் பாருங்கள் என்று கேட்கிறேன். கும்பிட மறுப்பவர் கேலியும் செய்தால் அது வேறு கதை. அப்படிப் பேசுகிற எங்கள் ஆட்களை நானே கண்டித்திருக்கிறேன்.

குடும்பத்தில் நான் ஒருவன்தான் கிறிஸ்தவன், மூத்த மகன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது. அவர் இறந்தால் கொள்ளி வைக்கலாமா? இதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

வந்ததிலேயே கனமான கேள்வி இதுதான். இதைச் சாவு வீட்டில் வைத்து முடிவு செய்யக் கூடாது. அங்கே நீங்கள் வாயைத் திறந்தால் சண்டை, மூடினால் மனக்குத்தல். இப்போதே அப்பாவிடம் பேசுங்கள். அவரிடம் பேசத் தயக்கம் என்றால் சித்தப்பாவிடமோ பங்காளிகளில் பெரியவரிடமோ பேசுங்கள். எதைச் செய்வேன் என்பதை முதலில் சொல்லுங்கள், செய்ய முடியாததை அப்புறம் சொல்லுங்கள். பாடையைச் சுமப்பேன், சுடுகாடு வரை வருவேன், செலவு என்னுடையது, அம்மாவைப் பதினாறு நாளும் தனியே விட மாட்டேன். பிண்டம் வைப்பது, மந்திரம் சொல்லி நீர் விடுவது, சாமிக்குப் படைப்பது ஆகியவற்றை மட்டும் தம்பியோ பங்காளியோ செய்யட்டும். இப்படிச் சொன்னால் பெரியவர்கள் அநேகமாக வழி கண்டுபிடிப்பார்கள். அவர்களுக்குப் பெரிய பயம், மகன் அப்பாவைக் கைவிட்டுவிடுவானோ என்பதே.

கொள்ளிக்கு வருகிறேன். உடலைத் தகனம் செய்வது வழிபாடு அல்ல. அப்பாவின் உடலுக்கு மகன் தீ வைப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால், அது கடைசி மரியாதை என்பது என் கருத்து. கூடாது என்று உறுதியாகச் சொல்லும் போதகர்களும் உண்டு, அவர்களுக்கும் காரணம் இருக்கிறது: சடங்கையும் தீயையும் பிரிக்க முடியாது என்பார்கள். உங்கள் ஊர் வழக்கத்தில் பிரிக்க முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நாகமானை நினைத்துக்கொள்ளுங்கள் (2 இராஜாக்கள் 5). குஷ்டம் நீங்கிய அந்தச் சீரியப் படைத்தலைவன் இனி கர்த்தரைத் தவிர வேறு யாருக்கும் பலியிட மாட்டேன் என்றான். கூடவே ஒரு விண்ணப்பம் வைத்தான்: என் ராஜா ரிம்மோன் என்ற தெய்வத்தின் கோயிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், அப்போது நானும் குனிய வேண்டிவரும், அதைக் கர்த்தர் மன்னிக்க வேண்டும். தீர்க்கதரிசி எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. சமாதானத்தோடே போ என்றார். இதைக் காட்டி எல்லாவற்றுக்கும் குனியலாம் என்று சொல்ல வரவில்லை. கடமையில் மாட்டிக்கொண்டு மனம் நோகிறவனைத் தேவன் எப்படிப் பார்க்கிறார் என்பதற்காகச் சொன்னேன்.

பட்டறையில் ஆயுத பூஜை. முதலாளி கற்பூரத் தட்டை நீட்டுவார்.

முந்தின நாளே தனியாகச் சொல்லிவிடுங்கள். மெஷின்களைத் துடைத்துக் கழுவுவதில் முதல் ஆளாக நில்லுங்கள், பூஜை நேரத்தில் சற்று ஒதுங்கி நில்லுங்கள். பொரி கடலைக்கு முதல் கேள்வியின் பதிலே போதும்.

மகளின் பள்ளியில் காலை வழிபாட்டுப் பாடலைப் பாடச் சொல்கிறார்கள்.

அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு சிறுபிள்ளையை மத வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. அரசியல் சாசனத்தின் 28(3) பிரிவு அப்படித்தான் சொல்கிறது. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதம் பாடவில்லை என்று 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் பாடவில்லையே தவிர, மரியாதையாக எழுந்து நின்றார்கள். வழக்கில் அதற்கு எடை இருந்தது. உங்கள் மகளுக்கும் அதையே சொல்லிக்கொடுங்கள். சட்டப் பிரிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தலைமையாசிரியரிடம் அன்பாகத் தொடங்குங்கள்.

தமிழ் எம்.ஏ. படிக்கிறேன். தேவாரம், திருவாசகம் படித்தால் விசுவாசம் குறையும் என்கிறாள் அம்மா.

சாயர்புரத்தில் ஊழியம் செய்த ஜி.யு. போப் ஐயர்தான் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900இல் வெளியிட்டார் என்று அம்மாவிடம் சொல். நன்றாகப் படி.

இவ்வளவு உறுதியாக இருந்தால் மற்றவர்கள் நம்மை ஒதுக்கிவிட மாட்டார்களா?

சில இடங்களில் ஒதுக்குவார்கள், உண்மைதான். ஆனால் தஞ்சாவூரில் நடந்ததைப் பாருங்கள். சுவார்ட்ஸ் ஐயர் தம் விசுவாசத்தில் விட்டுக்கொடுக்காத மிஷனரி. தஞ்சை மன்னர் துளஜா தம் தத்துப்பிள்ளை சரபோஜியை அவர் பொறுப்பில்தான் விட்டுப் போனார். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனி மைசூரின் ஹைதர் அலியிடம் தூது அனுப்பியபோதும் ஸ்ரீரங்கப்பட்டணம் போனவர் அவர்தான். சரபோஜி கடைசி வரை இந்துவாகவே இருந்தார். ஆனாலும் 1798இல் இறந்த சுவார்ட்ஸுக்கு லண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச் சின்னம் செய்ய வைத்தார். தஞ்சைக்குப் போனால் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கத்திலுள்ள தேவாலயத்தில் பார்க்கலாம். வளர்த்தவரும் மாறவில்லை, வளர்ந்தவரும் மாறவில்லை. பாசம் மட்டும் குறையவில்லை.

மகன் இந்துப் பெண்ணை விரும்புகிறான். கல்யாணத்துக்காக அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா?

வேண்டாம், ஐயா. விசுவாசமில்லாத ஞானஸ்நானம் அந்தப் பெண்ணுக்கும் அநியாயம், தேவனுக்கு முன்பாகவும் பொய். 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே போதும். 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி யாரும் மதம் மாறவே தேவையில்லை, முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்யலாம். சபை விதிகள் வேறாக இருக்கும், உங்கள் போதகரிடம் கேளுங்கள். அதற்கு முன்னால் இரண்டு பேரையும் உட்கார வைத்து, ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போவது, பிள்ளைகளை எப்படி வளர்ப்பது, அவள் அம்மா வீட்டுப் பொங்கலுக்கு உங்கள் மகன் போவானா என்று பேச வையுங்கள். மண்டபம் பிடிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.