உச்சிப் பெட்டியிலிருந்து இறங்குங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் மாமாவின் மாங்காய் மண்டிக்காகப் பைத்தானில் ஒரு நிரல் எழுதுகிறேன். ஆறு பெட்டிகளின் பட்டியலிலிருந்து அழுகல் பெட்டிகளை நீக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு அழுகல் இருந்தால் ஒன்று தப்பிவிடுகிறது. பிறகு நிரலும் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து எண்ணச் சொன்னாள் தோழி. பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பில் ரேஞ்ச்(5, 0) என்று எழுதினேன். எதுவுமே நடக்கவில்லை.
- கல்லூரி மாணவி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: மண்டியில் அடுக்கியிருக்கும் பெட்டிகளைப் பாருங்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவினால் மேலே உள்ளவை ஒரு படி இறங்கும். பட்டியலும் அப்படித்தான். அடிப்பெட்டி 0, உச்சிப்பெட்டி 5 என்று கொள்ளுங்கள். 2ஐ நீக்கியதும் 3இல் இருந்தது 2க்கு இறங்கிவிடுகிறது. லூப்போ 3ஐப் பார்க்கப் போய்விடுகிறது. கடைசியில் 5ஐத் தேடினால் அங்கே பெட்டியே இல்லை. பிழை வந்தது அதனால்தான். உச்சியிலிருந்து இறங்கி வந்தால், இடம் மாறுபவை எல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்தவை. தோழி சொன்னது சரி.

ரேஞ்சில் முதல் எண் தொடங்கும் இடம், இரண்டாவது நிறுத்தும் இடம். மூன்றாவது எண்ணைத் தராவிட்டால், ஒவ்வொன்றாக ஏறச் சொல்வதாகவே பைத்தான் எடுத்துக்கொள்ளும். 5இலிருந்து ஏறி 0ஐ அடைய முடியாது; ஆகவே ஒரு சுற்றுகூட ஓடாது, பிழைச் செய்தியும் வராது.

உடனே ரேஞ்ச்(5, 0, -1) என்று திருத்தத் தோன்றும். நானும் அங்கே வழுக்கியவன்தான். நிறுத்தும் எண் கணக்கில் சேராது. லூப் 1உடன் முடிந்துவிடும். அடிப்பெட்டி பார்க்கப்படாமலே மாங்கூழ் ஆலைக்கு லாரி ஏறும். எழுத வேண்டியது ரேஞ்ச்(5, -1, -1). முதல் -1 நிற்கும் இடம். அடுத்தது நடக்கும் திசை. பெட்டிகளின் எண்ணிக்கை தினமும் மாறும் என்பதால் 5க்குப் பதில் லென்(பெட்டிகள்) - 1 என்று போடுங்கள்; லென் பட்டியலின் எண்ணிக்கையைத் தரும்.

நீக்காமல் தலைகீழாக அச்சிட மட்டும் என்றால் ரிவர்ஸ்ட்(பெட்டிகள்) போதும். உண்மையில், உங்கள் இடத்தில் நான் இருந்தால் எதையும் நீக்கவே மாட்டேன். நல்ல பெட்டிகளை மட்டும் புதுப் பட்டியலில் சேர்த்துக்கொள்வேன்.

இதையே சி மொழியில் எழுத நேர்ந்தால், எண்ணும் மாறியை அன்சைன்ட் இன்ட் என்று அறிவித்துவிட்டு, '0 அல்லது அதற்கு மேல் உள்ளவரை' என்று நிபந்தனை வைக்காதீர்கள். அந்த வகைக்குக் குறை எண்ணே கிடையாது. 32 பிட் அளவில் 0இலிருந்து 1ஐக் கழித்தால் 4294967295 வரும். நிபந்தனை ஒருபோதும் பொய்யாகாது. ஆறு பெட்டிக்குச் சாதாரண இன்ட் தாராளம்.