விடுதி வைஃபையில் டோரன்ட்: பெட்டி வாங்கும் முன் ஒரு நிமிடம்

கேள்வி: 40 பெண்கள் தங்கும் விடுதி நடத்துகிறேன். 100 எம்பிபிஎஸ் இணைப்பு. இரவு 9 மணிக்கு மேல் வைஃபை நகரவே மாட்டேன் என்கிறது. யாரோ டோரன்ட் ஓட்டுகிறார்கள் என்று சந்தேகம். குறியாக்கத்தை (தரவை வெளியார் படிக்க முடியாதபடி போடும் பூட்டை) உடைத்து, யார் எந்தப் படம் இறக்குகிறார்கள் என்று காட்டும் பெட்டியை ஒன்றரை லட்சத்துக்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். டோரன்ட் என்பது ஒரு கோப்பைப் பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக இறக்கி, இறக்கியதைப் பிறருக்கும் அனுப்பும் முறை. அது ஓடுகிறதா என்பதை ஓரளவு ஊகிக்கலாம். எந்தப் படம் என்று அந்தப் பெட்டி சொல்லவே சொல்லாது.

முன்பெல்லாம் டோரன்ட் இணைப்பு தொடங்கும்போதே தன் பெயரை அப்பட்டமாகச் சொல்லிவிடும். 2006இல் அந்த முதல் வரியையும் மறைக்கும் குறியாக்கம் வந்துவிட்டது. ஆனால் கதவு சாத்தியிருந்தாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணினால் உள்ளே கூட்டமா இல்லையா என்று தெரிந்துவிடும். அப்படித்தான் இதுவும்.

உங்கள் ரூட்டரின் இணைப்புப் பட்டியலைத் திறந்து பாருங்கள். யூடியூப் பார்க்கும் போன் ஒரு சில சர்வர்களோடுதான் பேசும். வருவது மூட்டையாக வரும், போவது கடுகளவு. டோரன்ட் ஓடும் லேப்டாப்பின் எதிரே 100, 150 முகவரிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாடு, போர்ட் எண்கள் (இணைப்பு எந்த வாசல் வழியாகப் போகிறது என்று காட்டும் எண்கள்) தாறுமாறு, பல முகவரிகள் பதிலே சொல்லாது. ஒவ்வொன்றிலும் சொற்ப வேகம். முக்கியமாக, அப்லோடு விடிய விடிய ஓடும்.

சரி, பிடித்துவிட்டோம் என்று அந்தப் பெண்ணின் அறைக் கதவைத் தட்டிவிடாதீர்கள். விண்டோஸ் அப்டேட்டும் இதே வேலையைச் செய்யும். ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்ற வசதி, ஒரு கணினி இறக்கிய அப்டேட்டைத் துண்டு துண்டாக மற்ற கணினிகளுக்குக் கொடுக்கும். அமைப்புகளில் ‘இணையத்தில் உள்ள கணினிகள்’ என்பதும் தேர்வாகியிருந்தால், முன்பின் தெரியாதவர்களுக்கும் உங்கள் இணைப்பிலிருந்து அப்லோடு போகும். அந்தப் பெண்ணுக்கு இது தெரிந்தே இருக்காது. 7680 என்ற போர்ட் எண் தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். லேப்டாப்பில் அந்த வசதியை அணைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். இதற்காக ஒரு பெண்ணைத் திருட்டுப் படம் பார்ப்பவள் என்று சொல்லிவிட்டால், அந்தப் பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது.

இப்போது அந்த விற்பனையாளர். குறியாக்கத்தை உடைக்க எல்லோர் போனிலும் ஒரு ‘சான்றிதழ்’ ஏற்ற வேண்டும் என்று அடுத்து சொல்வார். தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அதை ஏற்றினால் மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் அந்தப் பெட்டியின் பார்வைக்குத் திறந்துகொள்ளும். 40 பெண்களின் அந்தரங்கம் அது. இதில் கொடுமை என்னவென்றால், டோரன்டின் குறியாக்கம் இணையதளங்களின் குறியாக்கத்திலிருந்து வேறு வகை. அந்தச் சான்றிதழால் அதைத் தொடவே முடியாது. அப்புறம் எதற்கு அந்தப் பெட்டி? இதைக் கேட்டால் பதில் வராது, தள்ளுபடிதான் வரும்.

2007இல் அமெரிக்காவின் காம்காஸ்ட் நிறுவனம் டோரன்ட் அப்லோடுகளைத் தேடிப்பிடித்து, போலிப் பாக்கெட் (தரவுத் துணுக்கு) அனுப்பித் துண்டித்து மாட்டிக்கொண்டது. 2008இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் கண்டித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் காம்காஸ்ட், எந்த மென்பொருள் என்று பார்ப்பதையே விட்டுவிட்டு, நெரிசல் நேரத்தில் யார் அதிகம் இழுக்கிறார் என்று மட்டும் பார்க்கும் முறைக்கு மாறியது. உங்களுக்கும் அதுவே போதும். விபிஎன் (எல்லாவற்றையும் ஒரே மறைவான குழாய் வழியாக அனுப்பும் மென்பொருள்) போட்டால் மேலே சொன்ன அடையாளங்களில் பல மறைந்துவிடும். இழுக்கும் அளவு மறையாது.

அப்லோடு அடைத்துக்கொண்டால் டவுன்லோடும் திணறும். ‘கிடைத்தது’ என்று சொல்லும் ஒப்புதல் பாக்கெட்டுகளும் அதே வரிசையில்தான் காத்திருக்க வேண்டும். ஆகவே ரூட்டரில் ஒவ்வொரு சாதனத்துக்கும் அப்லோடுக்கு ஒரு வரம்பு போடுங்கள். மீதி வேகத்தைச் சமமாகப் பங்கிடச் சொல்லுங்கள். மைக்ரோடிக் ரூட்டரில் இதற்கு ‘பிசிக்யூ’ என்று பெயர். தெரிந்த டெக்னீஷியனுக்கு அரை நாள் வேலை.

இன்னொன்று. பல வீட்டு இணைப்புகளில் ‘அன்லிமிடெட்’ என்பது மாதம் 3,300 ஜிபி வரைதான். அதற்கு மேல் வேகம் தரைமட்டம். 40 பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு 82 ஜிபி. இதை விளம்பரத்தில் கண்ணில் படும்படி போடுவதே இல்லை. வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்கிறார்கள். எத்தனை வருடமாக இதே பதில்! வேகம் மாதக் கடைசியில் மட்டும் படுத்துக்கொண்டால், டோரன்டைத் தேடாமல் இணைப்புத் திட்டத்தை மாற்றுங்கள்.